மொபைல் ஸ்டார்ட்டர்: ஆறும் போர்வெல்லும் சேர்ந்து ஓடும் வயலுக்கு இது சரிப்பட்டு வருமா?

பம்ப்செட்டுக்கு மொபைல் ஸ்டார்ட்டர், அதாவது போனிலிருந்தே மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் உதவும் பெட்டி, மாட்டலாமா என்று கடையில் போய்க் கேட்டால் வரும் பதில் ஒன்றுதான்: "வீட்டில் படுத்துக்கொண்டே மோட்டார் போடலாம் சார்." பொய் இல்லை, போடலாம். ஆனால் காவிரி டெல்டாவில் வாய்க்கால் தண்ணீரும் வைத்துக்கொண்டு போரும் (ஆழ்துளைக் கிணறு) வைத்திருக்கிற ஒருவனுக்கு மோட்டாரைப் போடுவது என்றைக்குமே சிரமமாக இருந்ததில்லை. சரியான நேரத்தில் அதை நிறுத்துவதுதான் யாராலும் முடிவதில்லை. இந்தப் பெட்டியை ஒரு குறுவை, ஒரு சம்பா என்று இரண்டு நெல் பருவம் ஓட்டிப் பார்த்த பிறகு எழுதுகிறேன், நான் இதற்கு மார்க் போடுவதும் அந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான்.

பிராண்டு பெயரைப் போடவில்லை. ஏஜென்சிக்காரர் உள்ளூர், நாளைக்கும் அவர் கடைக்குத்தான் போய் நிற்க வேண்டும். அதுவும் போக, இந்த விலைக்குக் கிடைக்கிற பெட்டிகளில் முக்கால்வாசிக்கு உள்ளே இருக்கும் சாமான் ஏறக்குறைய ஒன்றுதான்.

எங்கள் நிலம் பாபநாசம் பக்கம், குடமுருட்டிப் பாசனம். மேட்டூரில் திறந்தால் மூன்று நான்கு நாளில் கல்லணைக்கு வரும், அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரியும், அப்புறம் காவிரியிலிருந்து குடமுருட்டி, அதிலிருந்து எங்கள் வாய்க்கால். ஜூன் 12 திறப்பு, ஜனவரி 28 அடைப்பு என்பது ஏட்டுக் கணக்கு. 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். 2023-இல் ஜூன் 12-க்குச் சரியாகத் திறந்துவிட்டு அக்டோபர் 10-ஆம் தேதி மூடினார்கள், சம்பாவை நம்பி இறங்கியவன் பாடு திண்டாட்டம். 2024-இல் ஜூலை 28 வரைக்கும் திறக்கவே இல்லை, அந்த வருஷம் குறுவை போட்டவன் எல்லாம் போரை நம்பிப் போட்டவன். 2025-இல் மறுபடி ஜூன் 12. இதில் எதை வைத்துத் திட்டம் போடுவது? அதனால்தான் டெல்டாவில் மேற்குப் பக்கம் போர் இல்லாத ஆளைப் பார்ப்பது அபூர்வம்.

அப்பா காலத்தில் இங்கே ஃபில்டர் பாயிண்ட்தான். மணல் பாங்கான இடம் பார்த்துக் குழாயை இறக்கி, மேலே மோனோபிளாக் மோட்டாரை வைத்துத் தண்ணீர் ஊற்றி உறிஞ்ச விட்டால் போதும். இப்போது அந்த மோட்டார்கள் பாதிக்கு மேல் காயலான் கடைக்குப் போய்விட்டன. நிலத்தடி நீர் மட்டம் இறங்க இறங்க உறிஞ்சும் மோட்டாருக்கு எட்டவில்லை, எல்லோரும் தண்ணீருக்குள்ளேயே மூழ்கி ஓடும் சப்மெர்சிபிளுக்கு மாறினோம். 1990-இல் விவசாயிகளுக்கெல்லாம் மின்சாரம் இலவசம் ஆனது, அதன் பிறகு மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடியது என்று கணக்குப் பார்க்க வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. இலவச மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை, அது இல்லாவிட்டால் 2024-இல் எங்கள் ஊரில் ஒரு படி நெல் விளைந்திருக்காது.

சரி, பெட்டிக்கு வருவோம்.

விலை மாடலைப் பொறுத்து மூவாயிரம் நாலாயிரத்தில் ஆரம்பித்துப் பத்தாயிரத்தைத் தாண்டியும் போகிறது. வேளாண்மைப் பொறியியல் துறை வழியாக மானியம் உண்டு, சிறு குறு விவசாயி சான்று இருந்தால் கையோடு எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். ஏற்கெனவே இருக்கும் ஸ்டார்ட்டரைக் கழற்றிப் போட வேண்டியதில்லை, பக்கத்தில் இன்னொரு சின்னப் பெட்டியாக மாட்டி நாலைந்து வயரை இணைத்தால் வேலை முடிந்தது. எலக்ட்ரீஷியனுக்கு ஒரு மணி நேர வேலை. சிம் விஷயத்தில் மட்டும் உஷார்: மலிவான மாடல்கள் 2ஜி சிம்மில்தான் ஓடும், ஜியோ சிம் போட்டால் அது பாட்டுக்கு ஊமையாக உட்கார்ந்திருக்கும். எங்கள் மோட்டார் கொட்டகையில் ஏர்டெல் ஒரு கோடு, பி.எஸ்.என்.எல். இரண்டு கோடு. உங்கள் கொட்டகையில் எது எடுக்கிறது என்று செல்போனை அங்கேயே வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் சிம் வாங்குங்கள்.

கூப்பிட்டால் தமிழில் ஒரு பெண் குரல் பேசுகிறது. மோட்டார் ஓடுகிறதா, கரண்ட் மூன்று பேஸும் இருக்கிறதா, எத்தனை ஆம்ப்ஸ் (மோட்டார் இழுக்கும் மின்னோட்டம்) எடுக்கிறது எல்லாம் சொல்கிறது. ஒரு எண்ணை அழுத்தினால் ஓடும், இன்னொன்றை அழுத்தினால் நிற்கும். ஆப்பும் உண்டு, ஆனால் பட்டன் போன் வைத்திருக்கும் என் சித்தப்பா ஆப் எதுவும் இல்லாமலே என்னைவிட நன்றாக இதை ஓட்டுகிறார். ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்திவிட்டு மெசேஜ் அனுப்புகிறது, காயில் எரிந்து போவதற்கு இது எவ்வளவோ மேல். இதெல்லாம் பாஸ் மார்க்.

இனிமேல்தான் கடைக்காரர் சொல்லாத சங்கதி.

முதலில் டிரை ரன். தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடினால் ஆம்ப்ஸ் இறங்கும், அதை வைத்துப் பெட்டி கண்டுபிடித்து நிறுத்தும். அந்த அளவை யாராவது செட் பண்ண வேண்டும். எனக்குப் பெட்டியை மாட்டியது ஆகஸ்டில், வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த சமயம். எலக்ட்ரீஷியன் அன்றைக்கு ஓடிய ஆம்ப்ஸைப் பார்த்து அதற்குக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டுப் போனார். மார்ச் முடிந்து ஏப்ரல் வந்ததும் மோட்டார் போட்ட ஐந்தாவது நிமிஷம் நிற்க ஆரம்பித்தது. போரில் தண்ணீர் இருக்கிறது, குழாயில் வருகிறது, ஆனால் பெட்டி "தண்ணீர் இல்லை" என்கிறது. கம்பெனியைக் கூப்பிட்டால் சென்சார் மாற்ற வேண்டும் என்றார்கள். மாற்ற வேண்டியது எதுவும் இல்லை. ஆற்றில் தண்ணீர் ஓடும் காலத்தில் போரில் மட்டம் மேலே நிற்கும், மோட்டார் தூக்க வேண்டிய உயரம் குறைவு, அதனால் தண்ணீர் அதிகம் தள்ளும், ஆம்ப்ஸும் கூட எடுக்கும். ஆறு வற்றி மட்டம் இறங்கியதும் அதே மோட்டார் குறைவாகத் தள்ளும், ஆம்ப்ஸும் குறையும். ஆகஸ்ட் அளவை வைத்து ஏப்ரலை அளந்தால் எல்லாமே டிரை ரன்னாகத்தான் தெரியும். ஆகவே செட்டிங்கை மே மாதக் கடைசியில், மட்டம் அடியில் இருக்கும்போது வையுங்கள். இதை எந்த மேனுவலிலும் போடவில்லை.

இந்த ஆம்ப்ஸ் சமாச்சாரம்தான் எனக்கு இந்தப் பெட்டியில் மிகப் பிடித்துப் போனதும். ஆப்பில் தினமும் என்ன ஆம்ப்ஸ் என்று பதிந்து வைக்கிறது. திருப்பிப் பார்த்தால், வாய்க்காலில் தண்ணீர் வந்த வாரத்தை அந்தப் பட்டியலிலிருந்தே சொல்லிவிடலாம், எண் மெல்ல ஏறியிருக்கும். வாய்க்கால் அடைத்த பிறகு மெல்ல இறங்கியிருக்கும். எங்கள் பக்கம் அடியில் வண்டலும் மணலும் மாறி மாறிக் கிடக்கிறது, வாய்க்காலில் ஓடுவதில் ஒரு பங்கும் வயலில் தேங்குவதில் ஒரு பங்கும் கீழே போய் போரைத்தான் நிரப்புகிறது. வருஷக் கணக்காகப் பெரியவர்கள் சொல்வதுதான், "ஆறு ஓடினா கிணறு ஊறும்" என்று. ஆனால் சொல்லிக் கேட்பது வேறு, சொந்த மோட்டார் எடுக்கும் ஆம்ப்ஸில் அதைக் கண்ணால் பார்ப்பது வேறு. ஒரே ஜாயிண்ட் அக்கவுண்டுக்கு இரண்டு ஏ.டி.எம். கார்டு வைத்திருப்பது போலத்தான் நம் மடையும் போரும். எந்தக் கார்டைத் தேய்த்தாலும் இருப்பு ஒன்றிலிருந்தே குறையும்.

இப்போது அடுத்த குறைக்கு வருகிறேன், பெரிய குறை. இந்தப் பெட்டி ஆட்டோ மோடில்தான் வருகிறது. கரண்ட் போய் வந்தால் தானே மோட்டாரைப் போட்டுவிடும். கோயம்புத்தூர், நாமக்கல் பக்கம் போரை மட்டும் நம்பித் தென்னை வைத்திருப்பவருக்கு இது வரப்பிரசாதம். எங்கள் பக்கம் இது தொல்லை. இரவு பத்து மணிக்கு மோட்டார் ஓடுகிறது, கரண்ட் போகிறது, நாம் தூங்கிவிடுகிறோம். பன்னிரண்டு மணிக்கு வாய்க்காலில் முறைத் தண்ணீர் (நம் முறைக்கு விடும் ஆற்றுத் தண்ணீர்) வருகிறது, மடை திறந்தே கிடப்பதால் வயலுக்கும் பாய்கிறது. ஒரு மணிக்குக் கரண்ட் வருகிறது, மோட்டாரும் தானே கிளம்பி விடிய விடிய ஊற்றுகிறது. பக்கத்து வயல்காரர் யூரியா போட்ட அன்றைக்கு இரவு இப்படி ஆகி, காலையில் வரப்பு வழிந்து உரம் பூராவும் வடிகாலுக்குப் போயிருந்தது. அவருடைய பெட்டியும் இதே பெட்டிதான்.

கணக்குப் பார்த்தால் இன்னும் வயிறு எரியும். நொடிக்கு 10 லிட்டர் தள்ளும் மோட்டார் மணிக்கு 36,000 லிட்டர் தரும். ஒரு ஏக்கரில் ஒரு அங்குலத் தண்ணீர் நிற்க ஒரு லட்சத்துச் சொச்சம் லிட்டர் வேண்டும், அதாவது சுமார் மூன்று மணி நேரம். ராத்திரி எட்டு மணி நேரம் சும்மா ஓடினால் கிட்டத்தட்ட மூன்று லட்சம் லிட்டர். ஆற்றுத் தண்ணீர் மேலே நிற்கும்போது அடியில் இருப்பதை எடுத்து அதன் மேலேயே ஊற்றுகிறோம். அதில் ஒரு பங்கு மறுபடி இறங்கும், மீதி வடிகால் வழியாகப் போய்ச் சேரும்.

ஆகவே பெட்டி கைக்கு வந்ததும் முதல் வேலை, ஆட்டோவை அணைத்து மேனுவலில் போடுவது. டைமர் இருந்தால் அதை வையுங்கள்: மூன்று மணி நேரம் ஓடு, நில். அதற்கு மேல் வேண்டுமென்றால் நாம் கூப்பிட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

ஆனாலும் வாய்க்காலில் தண்ணீர் வந்தது பெட்டிக்கு எப்படித் தெரியும்? இங்கேதான் எங்கள் எலக்ட்ரீஷியன் ஒரு வேலை செய்தார், அவருக்குத் தனியாக ஐந்து நட்சத்திரம். பெரும்பாலான பெட்டிகளில் மேல்நிலைத் தொட்டி நிறைந்தால் மோட்டாரை நிறுத்துவதற்கு என்று இரண்டு முனை கொடுத்திருப்பார்கள், வீட்டுக்கும் வயலுக்கும் ஒரே பெட்டியை விற்பதால் அது இருக்கும். வயல்காரன் அதைத் தொடுவதே இல்லை. இவர் மாடித் தொட்டிக்குப் போடும் சாதாரண ஃப்ளோட் சுவிட்சை, ஐநூறு ரூபாய்க்குள் கிடைப்பது, வாய்க்கால் மதகுப் பக்கம் ஒரு ஓட்டைக் குழாய்க்குள் தொங்கவிட்டு, வயரை அந்த முனைக்கு இழுத்துவிட்டார். வாய்க்காலில் முழங்கால் அளவு தண்ணீர் ஏறினால் மிதவை தூக்கும், பெட்டி "தொட்டி நிறைந்துவிட்டது" என்று நினைத்து மோட்டாரை நிறுத்தும். போனில் மெசேஜ் வரும். இரவு இரண்டு மணிக்கு "டேங்க் ஃபுல்" என்று மெசேஜ் வந்தால் எங்கள் வீட்டில் அதற்கு அர்த்தம் முறை வந்துவிட்டது, மண்வெட்டியை எடு என்று. மதகைத் திறந்து மூடும் லஸ்கருக்குப் போன் போட்டு "தண்ணி எங்கண்ணே வருது" என்று கேட்கும் வேலையும் மிச்சம்.

இதில் சில எச்சரிக்கை. அந்த இரண்டு முனையும் குறைந்த வோல்ட் முனைதானா என்று பார்த்து எலக்ட்ரீஷியன்தான் இணைக்க வேண்டும், நாமே 440 வோல்ட்டில் கை வைக்கக் கூடாது, வாய்க்காலில் மாடு இறங்கும், பிள்ளைகள் இறங்குவார்கள். வெளியே குழாய் போட்டு மூடாவிட்டால் ஆகாயத்தாமரை வந்து மிதவையைச் சிக்க வைத்துவிடும், அப்புறம் தண்ணீர் வடிந்த பிறகும் மோட்டார் ஓடாது. வயரை எலி கடிக்கும். இதையெல்லாம் வாரம் ஒரு தரம் போய்ப் பார்க்க வேண்டும், போனிலிருந்து பார்க்க வழி இல்லை.

சித்தப்பா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "ஏம்ப்பா, கரண்டும் சும்மா, ஆத்துத் தண்ணியும் சும்மா, ரெண்டும் ஓடுனா என்ன கெட்டுப் போச்சு?" என்றார். நியாயமான கேள்விதான். டெல்டாவில் பாதிப் பேர் மனசில் இருக்கும் கேள்வி.

என்ன கெட்டுப் போகும் என்றால், மே மாதம் கெட்டுப் போகும். மேட்டூர் ஜூன் 12-இல் திறக்கும் என்று நம்பிக் குறுவை போடுபவன் மே மாதமே நாற்றங்கால் விட வேண்டும், அந்த நாற்றங்காலுக்கு ஆறு கிடையாது, போர்தான். சமுதாய நாற்றங்கால் என்று நாலு பேர் சேர்ந்து ஒரு போரை வைத்து விடுவதும் இதற்காகத்தான். ஆடுதுறை 43, ஆடுதுறை 45, கோ 51 மாதிரிக் குறுகிய வயது ரகத்தை ஜூனில் நட்டால்தான் அக்டோபர் மழைக்கு முன்னால் அறுக்க முடியும். ஆகஸ்டில், டிசம்பரில், தேவையில்லாமல் இறைத்த ஒவ்வொரு இரவும் மே மாதத்தில் போரில் இறங்கிய மட்டமாகத்தான் நம்மிடம் திரும்பி வரும்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு, இறைக்கவே கூடாது என்று சொல்பவர்களும் முழுதாகச் சரி இல்லை. ஏப்ரல், மே, ஜூனில் நாற்றங்காலுக்கும் பருத்திக்கும் போரிலிருந்து எடுத்தால் அடியில் இடம் காலியாகும். அந்த இடத்தில்தான் ஜூலை ஆகஸ்ட் வாய்க்கால் தண்ணீரும் வடகிழக்குப் பருவமழையும் போய் இறங்கும். மட்டம் ஏற்கெனவே மேலே நின்றால் நவம்பர் மழை இறங்க இடம் இல்லாமல் வயலிலேயே நின்று சம்பாவை அழுகடிக்கும். ஆறு இல்லாத மாதத்தில் போரை எடு, ஆறு ஓடும் மாதத்தில் போரை விடு. இந்த முறையை ஒரு வாய்க்கால் முழுக்க எல்லோரும் பின்பற்றினால் மேட்டூரில் கட்டாத அணை ஒன்று நம் காலடியிலேயே இருக்கிறது. எல்லோரும் பின்பற்ற மாட்டோம், அது வேறு கதை.

அரசியல் பேச வேண்டாம் என்றுதான் இருந்தேன், ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. 2018 பிப்ரவரி 16-ஆம் தேதி காவிரித் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு பிலிகுண்டுலுவில் தர வேண்டிய 192 டி.எம்.சி.யை 177.25 ஆகக் குறைத்தது ஞாபகம் இருக்கும். குறைத்த 14.75-இல் 4.75 பெங்களூரு குடிநீருக்கு. மீதி 10 டி.எம்.சி. எதற்காகக் குறைத்தார்கள் தெரியுமா? தமிழ்நாட்டில் டெல்டாவின் அடியில் நிலத்தடி நீர் இருக்கிறதே, அதைக் கணக்கில் எடுத்து. நடுவர் மன்றம் அங்கே 20 டி.எம்.சி. இருக்கிறது என்று சொன்னதில் பாதியைத்தான் எடுத்தோம் என்றார்கள். ஒரு டி.எம்.சி. என்பது 2,831 கோடி லிட்டர். நம் மோட்டார் கொட்டகைக்குள் இருப்பதை நாம் சொந்தச் சொத்து என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், டெல்லியில் அதை ஆற்றுக் கணக்கில் வரவு வைத்தாகிவிட்டது. அந்த 10 டி.எம்.சி.யை விடியும் வரை வரப்பு வழிய விட்டால் திருப்பித் தர யாரும் வரப்போவதில்லை.

சரி, பெட்டிக்குத் திரும்புவோம். மூன்றாவது குறை, இதற்கு வயலில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று தெரியாது. விலை கூடிய மாடலுக்கு ஈரப்பத சென்சார் தனியாக விற்கிறார்கள், நெல்லுக்கு அது தண்டம். அதைவிட ஓட்டை போட்ட பிளாஸ்டிக் குழாய் போதும். அகலம் நாலிலிருந்து ஆறு அங்குலம், நீளம் ஒரு அடி, கீழ்ப் பாதியில் சுற்றிலும் துளை. துளைப் பாதி மண்ணுக்குள் போகிற மாதிரி இறக்கி உள்ளே இருக்கும் மண்ணை அள்ளி எடுத்துவிட வேண்டும். நட்டு முதல் இரண்டு வாரம் தண்ணீர் நிற்கட்டும், களை அடங்கும். அதற்குப் பிறகு குழாய்க்குள் மட்டம் மண்ணுக்குக் கீழே அரை அடி இறங்கும் வரை மோட்டாரைத் தொட வேண்டாம். பூக்கும் சமயம் மட்டும் ஒரு வாரம் முன்னும் பின்னும் இரண்டு அங்குலம் நிற்க வேண்டும். நம் ஆட்கள் காலங்காலமாகச் சொல்லும் காய்ச்சலும் பாய்ச்சலும்தான் இது, அளவு மட்டும் புதுசு. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் இந்த முறையில் 30 சதவீதம் வரை தண்ணீர் மிச்சமாகும் என்கிறது. எங்கள் வயலில் சதவீதம் எல்லாம் அளக்கவில்லை, மோட்டார் ஓடிய மணி நேரம் ஆப்பில் குறைந்திருக்கிறது, நெல் குறையவில்லை, அது போதும்.

மேலே தண்ணீர் இல்லை, வயல் காய்ந்து கிடக்கிறது என்று பதறி ஓடாமல் இருக்க ஒரு மனசு வேண்டும், அதை எந்தக் கடையிலும் விற்பதில்லை. எங்கள் வீட்டிலேயே முதல் தடவை வெடிப்பு லேசாகத் தெரிந்ததும் அம்மா "பயிர் காயுதுடா" என்று வரப்பில் உட்கார்ந்துவிட்டார். குழாய்க்குள் தண்ணீர் நிற்பதைக் காட்டிய பிறகுதான் எழுந்தார்.

சின்னச் சின்னக் குறைகள்: பெட்டிக் கதவு சரியாக மூடுவதில்லை, உள்ளே பல்லி போய் மோட்டாருக்குக் கரண்டை விடும் காண்டாக்டரில் சிக்கி ஒரு நாள் முழுக்க கடகட என்று அடித்துக்கொண்டிருந்தது, கறுகிய வாடை வந்த பிறகுதான் தெரிந்தது. வயர் நுழையும் ஓட்டைகளை எம்சீல் வைத்து அடைத்துவிடுங்கள். உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி வீங்கிவிட்டது, அது போனால் கரண்ட் போகும்போது மெசேஜ் வராது. வாரண்டியில் பேட்டரி சேராது என்றார்கள், பில்லில் அப்படி எழுதவில்லை. இடி மின்னலுக்கு வாரண்டியே கிடையாது, எர்த் சரியாக இருக்கிறதா என்று மாட்டும் அன்றைக்கே பார்க்கச் சொல்லுங்கள். சிம்முக்கு ரீசார்ஜ் மறந்துபோனால் பெட்டி செத்த மாதிரி, பலரும் அதைக் கம்பெனிக் கோளாறு என்று நினைத்து ஆளைக் கூப்பிட்டு விசிட்டிங் சார்ஜ் அழுகிறார்கள். சர்வீஸ் ஆள் வர ஒரு வாரம் ஆனது, அதுவும் நாற்றங்கால் நேரத்தில். பழைய ஸ்டார்ட்டரைக் கழற்றி எடைக்குப் போடாதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான், இது நின்றாலும் அதில் கையால் போட்டுக்கொள்ளலாம்.

மார்க் என்றால், கடையில் தருகிற மாதிரி அப்படியே மாட்டி ஆட்டோவில் விட்டால் எங்கள் பக்கத்துக்கு ஐந்துக்கு இரண்டு. மேனுவல், டைமர், வாய்க்கால் மிதவை, வயலில் ஓட்டைக் குழாய், இத்தனையும் சேர்த்தால் நாலு. நாலரை கொடுத்திருப்பேன், சர்வீஸ் கெடுத்துவிட்டது. வாங்கும்போது கடைக்காரரிடம் "தொட்டி நிறைந்தால் நிற்கும் முனை இருக்கிறதா" என்று கேளுங்கள், இல்லாத மாடலை எவ்வளவு குறைவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

யார் வாங்க வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேதாரண்யம் பக்கம் இருக்கும் என் மாமா மகன் போன வாரம் கேட்டான், "மச்சான், எனக்கும் ஒண்ணு சொல்லு" என்று. அவன் கடைமடை, வாய்க்காலின் கடைசி முனை. அவன் போரில் வருவது உப்புக் கரிக்கும், நெல் நாற்றுக்கு விட்டால் நுனி கருகும், கூட இறைத்தால் கடல் இன்னும் உள்ளே வரும். அவனுக்கு ஆறு மட்டும்தான், அந்த ஆறும் நாங்கள் எல்லோரும் எடுத்தது போக மிச்சம். எங்களை மாதிரித் தலைமடையில் நல்ல போர் வைத்திருப்பவர்கள் பஞ்ச வருஷத்தில் முறைத் தண்ணீரில் ஒரு இரண்டு நாளை விட்டுக்கொடுத்துப் போரில் ஓட்டினால் அது அவன் வயலுக்குப் போகும். மேட்டூரில் தண்ணீர் குறைந்தால் இத்தனை நாள் காவிரிக்கு, இத்தனை நாள் வெண்ணாற்றுக்கு என்று முறை வைக்கிறார்கள், ஆனால் போர் இருப்பவனுக்கு ஒரு முறை, இல்லாதவனுக்கு ஒரு முறை என்று யாரும் வைத்ததாக நான் பார்த்ததில்லை. அவனிடம் பெட்டி வேண்டாம், அந்தக் காசில் பண்ணைக் குட்டையை ஆழப்படுத்தி மழைத் தண்ணீரைப் பிடி என்றேன். "குட்டைக்கு மோட்டார் வைக்கலாம்ல, அதுக்குப் பெட்டி மாட்டுனா?" என்றான். ஒரு குதிரைச் சக்தி மோட்டாருக்கு எதற்கு இவ்வளவு செலவு, சுவிட்ச் போதும் என்று சொல்லியிருக்கிறேன், வாங்கிவிட்டானா தெரியவில்லை.